அருவிக் கங்காணி

இதனால் சகல ஜனங்களுக்கும் அறியத்தருவதாவது: ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து மூன்றாம் வருஷம் தை மாதக் கடைசியில், கண்டிச் சீமையைச் சேர்ந்த தெல்தோட்டைக்கு மேற்புறத்தில், டன்பார் துரையவர்களின் கோப்பித் தோட்டத்திலே ஒரு நீர்வீழ்ச்சி கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் டன்பார் துரையவர்களேதான். அதுவரை அது அங்கே கேட்பாரற்று விழுந்துகொண்டிருந்தது.

தோட்டத்து ஜனங்கள் அந்த இடத்தை ஒழுகல் பாறை என்று சொல்லி வந்தார்கள். இரண்டு ஆள் உயரத்தில் ஒரு கரும்பாறை. அதன் நெற்றியிலிருந்து ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு சாண். காற்று பலமாக அடித்தால் விழுகிற தண்ணீர் பாதி வழியில் மனம் மாறிப் பக்கத்துப் புதருக்குப் போய்விடும். செடியின் கிளை நறுக்கும் கவ்வாத்துக்குப் போகிறவர்கள் கத்தி கழுவவும், அட்டை கடித்த காலை நனைத்துக்கொள்ளவும் அது உதவியது. அதற்கு மேல் அதனிடம் யாரும் எதையும் எதிர்பார்த்ததில்லை. அதுவும் யாரையும் ஏமாற்றியதில்லை.

துரை அதைக் கண்டுபிடிக்க நேர்ந்தது கண்டியில் நடந்த ஒரு விருந்தினால். அந்த விருந்தில் கூடிய தோட்டத் துரைமார் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொள்ள ஏதோ ஒன்று இருந்தது. ஒருவர் யானை சுட்டிருந்தார். ஒருவரின் பங்களாவிலிருந்து பார்த்தால் கடல் தெரியும் என்றார். யாரும் போய்ப் பார்க்கவில்லை. டன்பார் துரைக்குக் கோப்பி மட்டும்தான் இருந்தது, அதிலும் இரண்டு மூன்று வருஷமாக இலையில் மஞ்சள் புள்ளி விழுந்திருந்தது. அந்த நேரத்தில், லண்டனிலிருந்து வந்திருந்த வில்மோட் துரைசானி, தாம் இந்தத் தீவின் அருவிகளையெல்லாம் படம் வரைந்து ஒரு புத்தகமாகப் போடப்போவதாகச் சொன்னார். இரண்டு சுற்று சாராயம் போயிருந்த டன்பார் துரை, "என் தோட்டத்தில் ஒன்று இருக்கிறது, வந்து பாருங்கள்" என்றார். சொல்லிவிட்ட பிறகு தோட்டத்துக்குத் திரும்பி வந்து ஒன்றைத் தேடினார்.

தேடிக் கிடைத்ததும் மூக்கையாவைக் கூப்பிட்டனுப்பினார்.

மூக்கையா அந்தத் தோட்டத்தில் பெரிய கங்காணிக்குக் கீழே ஆட்களை வேலை வாங்கும் இரண்டு சில்லறைக் கங்காணிமாரில் ஒருவர். பெரிய கங்காணியாக இருந்தவர் முழங்கால் வாதத்தோடு கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். அந்த இடம் காலியாக இருந்தது. மூக்கையாவுக்கு உயரம் குறைவு. அதை நடையில் ஈடுகட்டுவார். தம்மைச் சில்லறை என்று யாராவது சொன்னால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. ஆளைப் பிடித்துக் கரை கடத்திக் காட்டு வழியே நடத்திக் கொண்டுவந்தவனைச் சில்லறை என்றால் மொத்தம் என்பது யார் என்று கேட்பார். பெரிய கங்காணி ஆகிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. ஆகிவிட்ட மாதிரியே நடந்துகொண்டால் மற்றது தானாக வந்துசேரும் என்பது அவருடைய சித்தாந்தம். அந்தச் சித்தாந்தப்படி கண்டிக்குப் போய்த் தாஸிம் நானாவின் தையல் கடையில் கறுப்புக் கோட்டு ஒன்றுக்கு அளவும் கொடுத்திருந்தார்.

"பித்தளப் பட்டன் பெரிய கங்காணிமாருக்குத்தான் வெக்கிற. ஒங்களுக்கு எத வெக்க?" என்று தாஸிம் நானா கேட்டார்.

"பித்தளையே வைங்க நானா."

"ஆகிட்டீங்களா?"

"ஆகிக்கிட்டிருக்கேன்."

"அப்ப கொஞ்சம் லூசா தெச்சிட்றன்" என்றார் நானா.

துரை வராந்தாவில் நின்றபடி உத்தரவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியும். ஆனால் அதைக் கோபமாக இருந்த நேரங்களில் கற்றுக்கொண்டவர். ஆகையால் எதைச் சொன்னாலும் அதே குரல்தான் வரும். நல்லது சொன்னாலும் பக்கத்தில் நிற்பவர்கள் ஓரடி பின்னால் போவார்கள்.

"மூக்கையா. நீ ரோடு வெட்டு. படி கட்டு. கல்லு எல்லாம் வெள்ளை அடி. துரைசானி வரும். அருவி நல்லா காட்டு. நல்லா காட்டினா நீ பெரிய கங்காணி. காட்டாட்டி வீரையா பெரிய கங்காணி. போ."

வீரையா இன்னொரு சில்லறைக் கங்காணி. ஆள் நெடியவர், சத்தமாகப் பாடுவார், நெற்றி நிறைய திருநீறு பூசுவார். அவருக்குப் பதவி ஆசை இல்லை என்று சொல்ல முடியாது. அதைப் பற்றி யோசிக்கிற பழக்கம் இல்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் எல்லாம் கிடைத்துவிடுகிறது என்பது மூக்கையாவின் பயம்.

வேலை புரிந்துவிட்டது. காரணம்தான் புரியவில்லை. மூக்கையா நேராகக் கிளாக்கர் பொன்னுத்துரையிடம் போனார். பொன்னுத்துரை யாழ்ப்பாணத்து மனிதர். துரையின் இங்கிலீஷுக்கும் தோட்டத்துத் தமிழுக்கும் நடுவே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கிளாக்கரய்யா, அந்தம்மா தண்ணிய பாக்க வருதுன்னு சொல்றாரு தொரை. பாத்துட்டு என்னா செய்யும்?"

"பாத்திட்டுப் போவா."

"குளிக்காதா?"

"குளிக்க மாட்டா."

"குடிக்குமா?"

"அவையள் உந்தத் தண்ணி குடிக்க மாட்டினம். போத்திலில கொண்டு வருவினம்."

"அப்ப கும்புடுமா?"

"இல்லைக் கங்காணி. தண்ணி மேலையிருந்து கீழை விழும். அதைக் கொஞ்ச நேரம் நிண்டு பாப்பினம். பிறகு 'ஆ' எண்டுவினம். பிறகு போவினம்."

மூக்கையா இதைக் கொஞ்ச நேரம் வாய்க்குள் போட்டு மென்றார்.

"இதுக்கா கண்டியிலேருந்து வருது?"

"லண்டனிலையிருந்து."

"அங்கல்லாம் மேலேருந்து கீழ ஒண்ணும் வுழாதா?"

"எனக்கும் விளங்கேல்லைத்தான்" என்றார் பொன்னுத்துரை. "ஆனா நான் சம்பளத்துக்கு இருக்கிறன். விளங்கின மாதிரி முகத்தை வைச்சிருப்பன். நீரும் அப்பிடி வையும்."

முகத்தை வைத்துக்கொள்வது மூக்கையாவுக்குக் கஷ்டமில்லை. இந்த வேலையைக் கூலிச் சனம் குடியிருக்கும் லயத்துக்குக் கொண்டுபோய் விற்பதுதான் கஷ்டம். வார நாளில் ஆட்களைக் கவ்வாத்திலிருந்து எடுக்கக்கூடாது என்று துரை சொல்லியிருந்தார். ஆகவே பாதை ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டப்பட வேண்டும். உத்தரவு வந்த அன்று மாலையே லயத்து வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னார். சனங்கள் அவரைப் பார்த்தார்கள். அங்கம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தவில்லை.

"ஞாயித்துக்கெழம யாரு கங்காணி மம்முட்டி தூக்குறது?"

"தொரை உத்தரவு, ஆத்தா."

"தண்ணி ஒழுகறத பாக்கணும்னா எங்க லயத்துக் காம்பராவுக்கு வரச்சொல்லுங்க. மழ வந்தா நாலு எடத்துல ஒழுகுது. படி கட்ட வேணாம், வெள்ள அடிக்க வேணாம். பாயில படுத்துக்கிட்டே பாக்கலாம்."

லயம் சிரித்தது. மூக்கையாவின் கண்முன்னே வீரையாவின் நெடிய தோளில் ஒரு கறுப்புக் கோட்டு ஏறுவதுபோல் தெரிந்தது. அந்தக் காட்சி தாங்க முடியாததாக இருந்தது. அந்த அவசரத்தில்தான் அவர் வாயிலிருந்து அது வந்தது.

"யாருடி அந்தம்மாவுக்காகன்னு சொன்னது? மாசி மகம் வருதுல்ல. ஊருல இருந்தா இந்நேரம் காவேரிக்குக் கட்டுச்சோறு கட்டிக்கிட்டிருக்க மாட்டோமா? கடலக் கடந்து வந்து எத்தன மகம் போச்சு. ஒரு முழுக்கு உண்டா நமக்கு? அதான் தொரைகிட்ட பேசி, ஒழுகல் பாறையில தீர்த்தக்கட்டம் கட்டுறதுக்கு உத்தரவு வாங்கியிருக்கேன்."

அங்கம்மாவின் கை முறத்தில் நின்றது. லயத்தில் சிரிப்பு அடங்கியது. அவர்களில் பலர் இரண்டே வருஷம் என்று சொல்லிக் கூட்டிவரப்பட்டவர்கள். அது எந்த இரண்டு வருஷம் என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

"தொரையா சரின்னாரு?" என்றாள் அங்கம்மா, இந்தத் தடவை தலையை நிமிர்த்தி.

"ரோடு வெட்டு, படி கட்டு, கல்லுக்கு வெள்ள அடின்னு அவரு வாயாலயே சொன்னாரு." இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பது மூக்கையாவுக்கே வியப்பாக இருந்தது.

வீரையா எழுந்து வந்து மூக்கையாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். சூலம் நான் அடிக்க வைக்கிறேன்" என்றார். மூக்கையா கையை மெதுவாக உருவிக்கொண்டார்.

அதன்பிறகு நடந்த வேலையைப்போல் அந்தத் தோட்டத்தில் முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. தோட்டத்தில் வடிகான் வெட்டுகிறவர்கள் பொழுது விடியுமுன்னே மம்முட்டியோடு போனார்கள். புதரை வெட்டி, மண்ணைச் சரித்து, பாறைவரைக்கும் படி கட்டினார்கள். வழி நெடுக மூங்கில் கைப்பிடி போட்டார்கள். கற்களுக்கு வெள்ளை அடிக்கச் சொல்லியிருந்தது. அவர்கள் வெள்ளைக்குப் பக்கத்தில் காவியும் பட்டை பட்டையாக அடித்தார்கள். துரை குதிரைமேல் வந்து பார்த்துவிட்டு அதை அலங்காரம் என்று எடுத்துக்கொண்டார். அவருக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. "நல்லது" என்று கத்தினார். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் பயந்து படியிலிருந்து விழுந்தார்.

அதோடு விடாமல், துரை ஒரு பலகையில் 'டன்பார் அருவி' என்று இங்கிலீஷில் எழுதிவித்து, பாறைக்கு முன்னால் இரண்டு கம்பத்தில் நிறுத்தினார். அந்த இடத்தில் நேராக நின்ற பொருள் அது ஒன்றுதான். மறுநாள் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டிருந்தன. எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் வேறு என்ன செய்வார்கள்? இரண்டு நாளில் மாலையும் விழுந்தது. வீரையாவின் சூலம் வந்து பலகைக்குப் பக்கத்தில் ஊன்றப்பட்டபோது பலகையின் அந்தஸ்து இன்னும் உயர்ந்தது.

மூக்கையா கணக்குப் போட்டு வைத்திருந்தார். மகம் சனிக்கிழமை. துரைசானி வருவது திங்கட்கிழமை. சனிக்கிழமை, பாதையின் கடைசி வேலை என்று சொல்லித் துரையிடம் எல்லா ஆட்களையும் கேட்டு வாங்கியாயிற்று. சனம் முழுகட்டும். ஞாயிற்றுக்கிழமை சூலத்தையும் மாலையையும் எடுத்து ஒளித்து, குங்குமத்தைக் கழுவிவிட்டால், திங்கட்கிழமை அது மறுபடியும் அருவி. ஒரே பாறையில் இரண்டு எசமானர்களைத் திருப்தி செய்கிற இந்த ஏற்பாட்டை எண்ணி எண்ணி அவர் தம்மையே மெச்சிக்கொண்டார். பெரிய கங்காணிக்கு வேண்டிய மூளை இதுதானே என்று பெண்சாதி வீரம்மாவிடம் சொன்னார். அவள், அந்த மூளையோடு போய் விறகு கொண்டுவரச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மாலை துரைக்குக் கண்டியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. துரைசானி திங்கட்கிழமை நுவரெலியாவில் இருக்க வேண்டியிருப்பதால் சனிக்கிழமையே வருகிறார். துரைமாருக்கு நாளை மாற்ற ஒரு துண்டுக் கடிதம் போதும். இதைக் கங்காணியிடம் சொல்ல வேண்டும் என்று துரைக்குத் தோன்றவில்லை. பாதைதான் தயாராக இருக்கிறதே, அருவி எங்கே போகப்போகிறது?

சனிக்கிழமை கிழக்கு வெளுக்கும்போதே தப்பு மேளம் முழங்கியது. சொந்தத் தோட்டத்து ஆட்கள் மட்டுமல்ல, கலஹாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் சனம் வந்திருந்தது. தெல்தோட்டையில் தீர்த்தம் என்ற சேதி எப்படியோ மலை தாண்டியிருந்தது. மொட்டை அடிக்கிறவர் கத்தியோடு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். பொரிகடலைக்காரர்கூட வந்திருந்தார்.

ஒரே ஒரு தொல்லை, தண்ணீர். மாசியில் அந்தப் பாறையின் தண்ணீர் ஒரு நேரத்தில் ஒரு தலைக்கு மேல் நனைக்காது. வரிசை படியெல்லாம் இறங்கிக் கோப்பிக்குள் போயிற்று. வீரையாதான் வழி கண்டார். ஒரு பெரிய அண்டாவைக் கொண்டுவந்து நீர் விழுகிற இடத்தில் கல் அடுக்கி நேராக வைத்தார். விழுகிற தண்ணீர் முழுவதும் அண்டாவுக்குள் போனது. அங்கிருந்து செம்பால் மொண்டு ஒவ்வொரு தலையிலும் ஊற்றினார்கள். பெண்கள் குளிக்க மறைப்பு வேண்டும் என்று அங்கம்மா தன் சிவப்புச் சேலையைப் பாறைக்குக் குறுக்கே கட்டினாள். ஆகவே அருவி என்று சொல்லக்கூடியது பாதி அண்டாவுக்குள்ளும் பாதி சேலைக்குப் பின்னாலும் இருந்தது.

மூக்கையா கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, பித்தளைப் பட்டன் வெயிலில் மின்ன, படியின் தலைப்பில் நின்று ஒழுங்கு பார்த்தார். கோட்டு கொஞ்சம் லூசாகத்தான் இருந்தது. "தள்ளாதீங்க, எல்லாருக்கும் புண்ணியம் உண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கீழே வளைவில் இரண்டு குதிரைத் தலைகளைக் கண்டார். அவற்றுக்கு முன்னால் பொன்னுத்துரை குடையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"கிளாக்கரய்யா, திங்கக்கெழமன்னு சொன்னீங்களே" என்றார் மூக்கையா. குரல் எங்கேயோ கீழே இருந்து வந்தது.

"திங்கள் எண்டுதான் இருந்தது. இப்ப சனி." பொன்னுத்துரை சுற்றுமுற்றும் பார்த்தார். மொட்டைத் தலைகளைப் பார்த்தார். பலகையின் மாலையைப் பார்த்தார். "கங்காணி, இது என்ன?"

"பாத வேல" என்றார் மூக்கையா.

அதற்குள் துரைசானி குதிரையிலிருந்து இறங்கிவிட்டார். ஒல்லியான, வெயில் பட்டுச் சிவந்த அம்மாள். வண்ணப் பெட்டியையும் மடக்குக் கதிரையையும் தண்ணீர்ப் போத்தலையும் பொன்னுத்துரையின் கையில் கொடுத்துவிட்டு, தம் பக்கத்திலேயே நிற்கச் சொல்லிச் சைகை காட்டினார். பிறகு சிவப்புச் சேலையைச் சற்று நேரம் பார்த்து ஏதோ கேட்டார்.

பொன்னுத்துரை தொண்டையைச் செருமினார். "அருவி எப்ப தொடங்கும் எண்டு கேக்கிறா."

மூக்கையா துரையைப் பார்த்தார். துரை கையை நீட்டிச் சேலைப் பக்கம் காட்டினார். அப்போது சேலைக்குப் பின்னாலிருந்து அங்கம்மா ஈரத் தலையோடு வெளியே வந்தாள். துரைசானி அங்கம்மாவைப் பார்த்தார், துரையைப் பார்த்தார்.

அங்கம்மாவுக்கு விஷயம் தெளிவாகவே தெரிந்தது. வெள்ளைக்காரியாக இருந்தாலும் மகத்தன்று தீர்த்தத்துக்கு வந்திருக்கிறாள், பாவம், தனியாக. "வழி விடுங்கடி. எவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கு" என்று வரிசையை ஒதுக்கிவிட்டு, துரைசானியின் தொப்பியை மெல்ல எடுத்துப் பக்கத்தில் நின்ற ரத்தினம்மாவிடம் கொடுத்தாள். அண்டாவிலிருந்து ஒரு செம்பு மொண்டு, உச்சந்தலையில் ஊற்றினாள். பெண்கள் குலவை போட்டார்கள்.

 பொன்னுத்துரை கண்ணை மூடிக்கொண்டார். மூக்கையா, கோட்டின் மேல் பட்டனைத் திறந்து, மறுபடியும் பூட்டினார்.

தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, துரைசானி ஒரு மூச்சு இழுத்தார்.

"ஆ" என்றார்.

பிறகு கதிரையை விரிக்கச் சொல்லி உட்கார்ந்து வரையத் தொடங்கினார். வெகுநேரம் வரைந்தார். வரிசையை வரைந்தார். மொட்டைகளை வரைந்தார், சூலத்தை, காவிப் பட்டைகளை, அண்டாவை, செம்பும் கையுமாக நின்ற வீரையாவை வரைந்தார். பலகையின் முன்னே ஒரு கிழவர் விழுந்து கும்பிட்டதையும், அதன்மேல் இருந்த எழுத்துகளையும் ஒன்றுவிடாமல் வரைந்தார். நடுநடுவே துரையிடம் இங்கிலீஷில் சிரித்துச் சிரித்து ஏதோ சொன்னார்.

மூக்கையா தொலைவில் நின்று துரையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் முருங்கைப் பூவின் நிறத்திலிருந்து மிளகாய்ப் பழத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. கழுத்தும் சிவந்திருந்தது. மூக்கையா அந்தத் துரையிடம் எட்டு வருஷமாக வேலை செய்கிறார். அந்தச் சிவப்பை அவர் அறிவார். கோப்பி ஸ்டோர் கூரை பறந்தபோது அந்தச் சிவப்பு வந்தது. மாடு கோப்பி நாற்றைத் தின்றபோது வந்தது. அதற்கடுத்து எப்போதும் யாராவது ஒருவர் தோட்டத்தைவிட்டுப் போவார்.

துரை படியேறி அவரிடம் வந்தார். "மூக்கையா. இது எல்லாம் யார் செய்தது?"

அதே குரல். சனம் ஓரடி பின்னால் போனது. பொன்னுத்துரையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்றால், அவர் வண்ணப் பெட்டியும் குடையுமாகத் துரைசானி பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்து அவர் புருவத்தைத் தூக்கித் தூக்கி ஏதோ சொல்ல முயன்றார். மூக்கையா அதை அனுதாபம் என்று எடுத்துக்கொண்டார்.

அவர் மூளை வேகமாக வேலை செய்தது. பெரிய கங்காணிக்கு வேண்டிய அந்த மூளை.

"வீரையாங்க தொரைங்களே" என்றார். "நான் வேணான்னுதான் சொன்னேன். அவரு கேக்கலைங்க. சூலம் அவரு, அண்டா அவரு, ஆளு கூட்டுனது அவரு. நான் பாத வேல மட்டுந்தாங்க."

"நீ வேணாம் சொன்னது?"

"தலதலயா அடிச்சுக்கிட்டேங்க."

துரை திரும்பி அண்டாவை நோக்கி நடந்தார். "வீரையா. இங்கே வா." வீரையா நனைந்த வேட்டியோடு, செம்பைக் கீழே வைக்கவும் தோன்றாமல் வந்து நின்றார். "நீ செய்தது?"

வீரையா மூக்கையாவைப் பார்த்தார். அண்ணன் பெருந்தன்மையாகப் புண்ணியத்தைத் தம் பக்கம் தள்ளிவிடுகிறார் என்று நினைத்து அவர் கண் கலங்கியது. "எல்லாம் சாமி செயலுங்க தொரை" என்றார்.

"நாளையிலிருந்து நீ" என்று துரை கத்தினார். அங்கம்மா வாயில் கையை வைத்தாள். ரத்தினம்மா அழவே தொடங்கிவிட்டாள். "நீ பெரிய கங்காணி."

சனத்துக்கு இது தண்டனையா வெகுமதியா என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தப்பு மறுபடியும் முழங்கிற்று.

துரைசானி சொன்னது என்னவென்பதைப் பொன்னுத்துரை அன்று மாலைதான் மூக்கையாவுக்கு விளக்கினார். தாம் உலகத்தில் பார்க்காத அருவி இல்லையாம். எல்லா இடத்திலும் தண்ணீர்தான் விழுகிறதாம். இப்படி ஒன்றை எங்கும் கண்டதில்லையாம். டன்பார் என்ற பெயருக்குச் சனங்கள் மாலை போட்டு விழுந்து கும்பிடுவதைத் தம் புத்தகத்தின் முதல் படமாகப் போடப்போகிறாராம். அதைக் கேட்டுத்தான் துரை சிவந்தது.

"சந்தோசத்துலயா?" என்றார் மூக்கையா.

"வெக்கத்திலயும் எண்டு நினைக்கிறன். அவருக்கு ரெண்டும் ஒரே நிறம்."

"எனக்கு ஒரு சாடை காட்டியிருக்கலாமே அய்யா."

"புருவம் நோகக் காட்டினன்."

மூக்கையா ஓரடி நெருங்கி வந்தார். "தொரைகிட்ட சொல்லுங்க கிளாக்கரய்யா. தீர்த்தம்னு சொல்லி ஆள எறக்குனது நாந்தான்னு சொல்லுங்க. லயம் முழுக்க சாட்சி சொல்லும்."

"சொல்லலாம். ஆனா வீரையாதான் எண்டு சொன்னது ஆர் எண்டு கேப்பாரே."

"அதுவும் நாந்தான்."

"அப்ப ரெண்டில ஒண்டு பொய். எது எண்டு கேட்டா நான் எதைக் காட்டுறது?"

மூக்கையா லயத்துக்குப் போனார். வீரம்மா கோட்டைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அன்று அவள் விறகு கேட்கவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆனாலும் பொன்னுத்துரை நல்ல மனிதர். இரண்டு நாள் கழித்து, துரை நல்ல மனநிலையில் இருந்த நேரம் பார்த்துப் பேசினார். புத்தகம் வெளிவந்ததும் கண்டியிலிருந்தும், ரயிலேறிக் கொழும்பிலிருந்தும் துரைமார் அருவி பார்க்க வருவார்கள். அவர்களை வரவேற்க, படியைப் பெருக்க, பலகையின் எழுத்தைத் துடைக்க, பொறுப்பான ஒருவர் வேண்டும். துரைக்கும் அது சரியென்று பட்டது. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில், எல்லா ஆட்களும் வரிசையாக நிற்க, புதிய பெரிய கங்காணி வீரையா பக்கத்தில் நிற்க, துரை வழக்கமான குரலில் அறிவித்தார். மூக்கையா இனிமேல் சில்லறைக் கங்காணி இல்லை. அவர் அருவிக் கங்காணி.

கண்டிச் சீமையில் அப்படியொரு பதவி அதற்கு முன் யாருக்கும் இருந்ததில்லை. சில்லறை என்ற சொல் ஒழிந்தது. பித்தளைப் பட்டன் சட்டப்படி அவருக்கு உரியதாயிற்று. தாஸிம் நானாவிடம் போய்க் கோட்டை உடம்புக்குச் சரியாகப் பிடித்துக்கொண்டு வந்தார். பூண் போட்ட பிரம்பு ஒன்றும் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதை ஊன்றிக்கொண்டு படியின் தலைப்பில் நின்றார். வரப்போகிறவர்களுக்குச் சொல்லப் பொன்னுத்துரையிடம் இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் பாடம் பண்ணி வைத்தார். பாறைமேல் சனம் துணி துவைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். வீரையாவே அவரைக் கண்டால், "அருவிக் கங்காணியண்ணே" என்று ஒதுங்கி வழிவிட்டார். ஊரிலிருந்து வந்த புது ஆட்களிடம் வீரம்மா அந்தப் பதவியைப் பற்றிச் சொன்னபோது அவர்கள் அது பெரிய கங்காணியைவிடப் பெரியது என்றே நினைத்துக்கொண்டார்கள்.

ஆடி மாதம் மேல் தோட்டத்தார் புது ஸ்டோர் கட்டி, கோப்பி கழுவுவதற்காக, ஒழுகல் பாறைக்கு வந்துகொண்டிருந்த ஓடையைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அங்கே தண்ணீர் விழவில்லை.